டப்பா வாங்கும் முன்னால்: மலையில் வீட்டை ஒழிப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஆறை ஆட்டோவிலிருந்து இறக்கினாள். "இந்தத் தடவை பரணை ஒழிச்சிடப் போறேன்க்கா" என்றாள். வெளியே குன்னூரின் ஐப்பசி மழை. எனக்குப் பதறிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலர் வீட்டை ஒழிக்கும்போது கூட நின்றிருக்கிறேன். பாதிப்பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உடைந்த வாளியைத் தூக்கிப் போட யாரும் சொல்லித்தர வேண்டாம், அதை விடுகிறேன்.

முடிவெடுக்காமல் மூடி வைப்பது

அம்மாவின் கூரைப்புடவை, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டர்கள், மாமனாரின் கம்பளிக் கோட்டு. யாருக்குக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று யோசிக்கவே கஷ்டமாக இருந்தது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எல்லாவற்றையும் அடுக்கி, பாச்சை உருண்டை போட்டு, மூடியை அழுத்திப் பரணில் ஏற்றினேன். வீடு பளிச்சென்று ஆனது.

இரண்டு மழைக்காலம் கழித்துத் தை மாதத்தில் திறந்தேன். மூடியின் உட்பக்கம் முத்து முத்தாய்த் தண்ணீர். ஸ்வெட்டர்கள் மேல் சாம்பல் பூத்தாற்போல் பூசணம். புடவையைப் பிரித்தால் மடிப்போடு பட்டு இற்றுப்போயிருந்தது. உருண்டை பட்ட இடத்தில் ஜரிகை கறுத்திருந்தது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் அடங்கவில்லை. அந்த ஸ்வெட்டர்களை அன்றைக்கே கொடுத்திருந்தால் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக் குழந்தைகள் இரண்டு பனிக்காலம் போட்டிருப்பார்கள்.

மழை நாளில் துணி தொட்டுப் பார்க்கக் காய்ந்தது போல இருந்தாலும் ஈரத்தை உறிஞ்சித்தான் வைத்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. பகலில் ஆவியாகி, ராத்திரிக் குளிரில் மூடியில் துளிர்த்து, மறுபடி துணியிலேயே சொட்டும். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அல்ல. ஜரிகையில் அது படவே கூடாது.

அதனால் நான் இப்போது மழையில் பரணைத் தொடுவதில்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலம். அது ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் வெயில் அடிக்கும்போதுதான் இறக்குவேன். கம்பளியை வெயிலிலும் பட்டை நிழலிலும் உலர்த்தி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அது யாருக்கு என்று அங்கேயே முடிவு செய்வேன். மிஞ்சும் பட்டுப்புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுவேன். டப்பா தேவையா, எத்தனை என்பதெல்லாம் கடைசியில்தான் தெரியும். அந்தப் பெண்ணின் ஆறு டப்பாவில் நாலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்தவர் பொருளில் கை வைப்பது

மாமியாரின் பழைய பித்தளை அடுக்கைக் கேட்காமல் எடைக்குப் போட்டேன். மூன்று மாதம் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் தள்ளுவது

பழைய மெத்தை ஒன்று போதும், ஓடை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட மண்சரிவுகளைப் பார்த்த ஊர் இது. மிச்சச் சோறு ஒட்டிய பிளாஸ்டிக் பையைக் காட்டெருமையும் கடமானும் தின்றுவிடும். இரும்பு, பேப்பர், பாட்டில் எல்லாம் காயலான் கடைக்கு. மற்றதை நகராட்சி வண்டியில் தரம் பிரித்துக் கொடுங்கள்.

போகித் தீயில் போடுவது

பாலியஸ்டர் போர்வையின் புகை விடியற்காலைக் குளிரில் மேலே போகாமல் பள்ளத்தாக்கிலேயே தேங்கும். வேண்டாம்.

கொடுக்க எடுத்ததை வாசலில் விட்டு வைப்பது

துவைத்த துணியாக அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். விட்டு வைத்தால் மூன்றாம் நாள் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவிடுவீர்கள்.