கூகுள் டொக்ஸில் ஆங்கிலம் எழுதப் பழக்குவது எப்படி?

கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ ரியூஷன் வகுப்பு வைத்திருக்கும் புது டீச்சர்மாருக்கு இது. கூகுள் டொக்ஸ் என்பது இணையத்தில் எழுதிப் பகிரும் ஒரு எழுத்துச் செயலி. உங்களிடம் ஒரு லெப்டொப், பிள்ளைகளிடம் வீட்டில் இருக்கும் ஸ்மார்ட்போன். இவ்வளவு இருந்தால் தொடங்கலாம்.

கொப்பியில் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தால் பிள்ளை புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கும். முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதச் சொன்னால் முகம் சுருங்கும். திரையிலோ ஒரு வரியை மட்டும் மாற்றலாம். பிள்ளை தன் எழுத்தைத் தானே திருத்திப் பழகத்தான் கணினி. பிழை பிடிக்கும் வேலையை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

1. தானாகத் திருத்துவதை நிறுத்துங்கள்

லெப்டொப்பில் டொக்ஸைத் திறந்து டூல்ஸ் மெனு, பிறகு ஸ்பெல்லிங் அண்ட் கிராமர் போய், கிராமர் சஜெஷன்ஸ் பக்கத்திலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எழுத்துப் பிழைக்கான சிவப்புக் கோடு இருக்கட்டும், அகராதி பார்க்க வைக்கும். போனில் ஜீபோர்ட் (கூகுளின் கீபோர்ட்) இருந்தால் அதன் செட்டிங்ஸில் ஓட்டோ-கரெக்ஷனை நிறுத்த வேண்டும்.

2. ஆளுக்கொரு பிரதி

தலைப்பும் இரண்டு குறிப்பும் உள்ள ஒரு டொக்கியூமென்ட் செய்து, லிங்கை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். 'மேக் எ கொப்பி' கொடுத்து ஒவ்வொரு பிள்ளையும் தனக்கொரு பிரதி எடுத்து, உங்களுக்கு ஷெயார் பண்ணட்டும். 13 வயது ஆகாதவர்கள் பெற்றோரின் கணக்கில் எழுதலாம். டேட்டா இல்லாத வீடுகளுக்கு, டொக்ஸ் ஆப்பில் அந்த ஃபைலை 'ஒஃப்லைன்' ஆக வைத்துக்கொள்ளும் வசதி உண்டு.

3. வாசிக்கப் போகும் ஆளோடு ஒரு தலைப்பு

'மை ஸ்கூல்' வேண்டாம். அது பாடமாக்கினது, அப்படியே கொட்டும். மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கும் ஒரு வெள்ளைக்காரர் கல்லடிக் கடற்கரைக்குப் போக வேண்டும், அவருக்கு வழி எழுது என்று கொடுங்கள். 60 சொல் போதும்.

4. கொமண்ட், அதுவும் இரண்டே இரண்டு

'கோ ஸ்ட்ரெயிட், பிரிட்ஜ் இஸ் கமிங்' என்று ஒரு பிள்ளை எழுதும். நம்மூரில் பாலம் வரத்தானே செய்யும்! உடனே அழித்து 'யூ வில் சீ எ பிரிட்ஜ்' என்று நீங்கள் போட்டுவிடாதீர்கள். அந்த வரியைத் தெரிவு செய்து, கண்ட்ரோல், ஓல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கொமண்ட் பெட்டி வரும். 'பாலம் நடந்து வருகிறதா? அந்த ஆள் என்ன பார்ப்பார்?' என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் குற்றமில்லை.

முதல் சுற்றில் விளக்கம் பற்றி மட்டும் கேளுங்கள்: எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு தூரம். 'எ', 'த' விடுபட்டதெல்லாம் அடுத்த சுற்றுக்கு. பத்துப் பிழையையும் ஒரே நாளில் காட்டினால் பிள்ளை ஒன்றையும் தொடாது.

'சஜெஸ்டிங்' முறை பலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. நீங்கள் மாற்றி எழுதியதைப் பிள்ளை சரி அடையாளம் தட்டி ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். மண்டைக்குள் ஒன்றும் போகாது.

5. மெப்பில் விரல் வைத்துச் சோதியுங்கள்

பக்கத்துப் பிள்ளையிடம் கூகுள் மெப்பைத் திறந்து கொடுங்கள். எழுதிய பிள்ளை வாசிக்க, மற்றது அந்த வழியே விரலை நகர்த்தட்டும். விரல் எங்கே தடுமாறுகிறதோ அந்த வரிதான் திருத்த வேண்டிய வரி. டீச்சர் சொல்லி ஏறாதது இதில் ஏறும். இந்தச் சோதனையை அவசரப்படுத்தாதீர்கள், ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

6. பழைய வரைவைப் பாருங்கள்

ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. முதலில் எழுதியது, பிறகு மாற்றியது எல்லாம் அங்கே கிடக்கும். புள்ளி போடுவதென்றால் இந்த மாற்றத்துக்குப் போடுங்கள். சற்ஜிபிடியில் எடுத்து ஒட்டியிருந்தால் வெறும் பக்கத்தில் முழுக் கட்டுரையும் ஒரே தடவையில் வந்து குந்தியிருக்கும். ஏசத் தேவையில்லை, 'இதை எப்படி எழுதினாய்?' என்று கேட்டாலே போதும்.

கடைசி வரைவைக் கொப்பியில் பேனையால் எழுத வையுங்கள், மணிக்கூட்டைப் பார்த்து. ஓ.எல். பரீட்சையில் கீபோர்ட் தரமாட்டார்கள்.