நாய்க்கடிக்குப் பிறகு நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

போன தீபாவளிக்கு மறுநாள் காலை, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். "பேரன் கையை நாய்க்குட்டி கடிச்சிடுச்சும்மா. மஞ்சள் வெச்சுட்டேன். சரியாப் போயிடும் இல்ல?"

போய்ப் பார்த்தேன். பையனுக்கு எட்டு வயது. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குண்டூசி குத்தியது போல் இரண்டு புள்ளி. அதன்மேல் மஞ்சளும் காபித்தூளும் குழைத்துத் தடவியிருந்தது. முதல் நாள் இரவு வெடிச்சத்தத்துக்குப் பயந்து எங்கிருந்தோ ஓடிவந்த குட்டி, இவர்கள் வாசல் படிக்கட்டுக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. பையன் பால் வைத்துவிட்டுத் தடவிக்கொடுக்கப் போயிருக்கிறான். கடித்துவிட்டு அது ஓடிவிட்டது.

அந்த ஒரு காலைப்பொழுதில் எத்தனை தவறு நடந்தது, எத்தனை தவறு நடக்கப் பார்த்தது என்று அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். அந்த ஆயா அன்பில் குறை வைக்கவில்லை. ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் மாகாணத்தில் இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 1960களின் தொடக்கத்தில் மொசாம்பிக் பக்கமிருந்து நாய்கள் வழியாக இந்த மாகாணத்துக்குள் வந்த ரேபிஸ், அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் அடக்கப்பட்டது. 1976-ல் மறுபடி நுழைந்தது. அதன்பிறகு முழுதாக ஒழியவே இல்லை. டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் அவ்வப்போது தலைதூக்குகிறது. 2021-ல் இங்கேயும் கிழக்குக் கேப்பிலும் நாய்க்கடியால் மனிதர்கள் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

கடிவாயில் எதையாவது தடவுவது

மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைமருந்து இருக்கிறது. இவற்றில் எதுவும் ரேபிஸ் கிருமியைக் கொல்லாது. மிளகாயும் சுண்ணாம்பும் சதையைப் புண்ணாக்கிக் கிருமி உள்ளே போக இன்னும் வழி திறந்துவிடும். கயிறு மந்திரித்துக் கட்டுவதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது ஊசி போட்டுவிட்டு வந்த பிறகு.

செய்ய வேண்டியது சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கை எடுப்பது போலவே சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். உறை போனால் வைரஸ் செத்தது. ஆனால் அவசரமாக ஒரு முறை அலசினால் போதாது, 15 நிமிடம் கழுவ வேண்டும்.

15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கொல்லைக் குழாயடியில் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, துணி துவைக்கிற பச்சை சன்லைட் சோப்புக்கட்டியை நுரை வரத் தேய்த்தேன். மஞ்சள் கறை சிமெண்ட் தரையில் ஓடிப் போனது. மூன்றாவது நிமிடத்தில் "போதும் ஆண்ட்டி" என்றான். ஐந்தாவது நிமிடத்தில் ஆயாவும் போதும் என்றார். போனில் மணியைக் காட்டிக் காட்டித்தான் நிறுத்தி வைத்தேன். எட்டு, ஒன்பது நிமிடத்தில் விரலெல்லாம் சுருங்கிப்போய், இரண்டு புள்ளியும் வெளுத்துத் தெளிவாகத் தெரிந்தன. முதலில் பார்த்ததைவிட ஆழமாகத்தான் இருந்தன. கழுவி முடித்து வீட்டிலிருந்த அயோடின் மருந்தைத் தடவினோம். கட்டுப் போடவில்லை. இறுக்கிக் கட்டுவதும் கூடாது, அவசியம் இல்லாமல் தையல் போடுவதும் கூடாது.

"சின்னக் கீறல்தானே"

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வார்த்தை. சதை பிய்ந்து ரத்தம் கொட்டினால் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், அலறி அடித்துக்கொண்டு ஓடுவார்கள். இரண்டு புள்ளி, ஒரு நகக்கீறல், புண்ணை நாய் நக்கியது என்றால்தான் விட்டுவிடுகிறோம். காயத்தின் அளவைப் பார்த்து வைரஸ் உள்ளே வருவதில்லை. நாயின் எச்சில் தோல் கிழிந்த இடத்திலோ, கண்ணிலோ, வாயிலோ பட்டாலே போதும்.

குட்டிதானே என்று நினைப்பதும் அதே வகை. தாயிடமிருந்தோ கூடப் பிறந்த குட்டியிடமிருந்தோ கடி வாங்கிய குட்டிக்கும் ரேபிஸ் வரும். பெரும்பாலும் அதற்குத் தடுப்பூசியும் போட்டிருக்க மாட்டார்கள். எல்லோரும் தூக்கிக் கொஞ்சுவதும் அதைத்தான்.

குழந்தைகள் வீட்டில் சொல்லாமல் மறைப்பது இன்னொன்று. திட்டு விழும் என்றோ, நாயைத் துரத்திவிடுவார்கள் என்றோ பயம். உலகத்தில் ரேபிஸால் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதருக்கு வரும் ரேபிஸில் 100-க்கு 99 நாயால் வருவது. ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடி வாங்குகிறவர்களில் 10-க்கு நாலு பேர் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். "நாய் நக்கினாலும் கீறினாலும் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

பத்து நாள் பார்க்கலாம் என்று காத்திருப்பது

கடித்த நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார், செத்தால் ஊசி போடு என்பது ஊரெல்லாம் தெரிந்த பழக்கம். பத்து நாள் என்ற கணக்கு சரிதான். கடிக்கும்போது எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்த நாய் பத்து நாளுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும். நன்றாக நடமாடினால் அந்தக் கடியால் பயம் இல்லை. ஆனால் பார்ப்பதும் ஊசி போடுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைப் பாருங்கள். நாய் நல்லபடியாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்திக்கொள்ளலாமா என்று டாக்டர் சொல்வார். எங்கள் குட்டி மாதிரி ஓடிப்போன நாய் என்றால் பார்க்கவே ஒன்றும் இல்லை.

இந்த நோயில் கடவுள் நமக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கிறார் என்றே சொல்வேன். கடிவாயில் நுழைந்த வைரஸ் ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. தசையில் தங்கி, நரம்பைப் பிடித்து, மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அதற்குச் சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு ஓராண்டுக்கு மேல். முகத்திலோ தலையிலோ கையிலோ கடித்தால் பாதை குறுகியது. மூளையை அடைவதற்குள் தடுப்பூசி உடம்பைத் தயார் செய்துவிட்டால் பிழைத்தோம். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்வது, காற்று பட்டாலே நடுங்குவது என்று அறிகுறி தெரிந்துவிட்டால், எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை. ஏறக்குறைய எல்லோருமே இறந்துவிடுகிறார்கள். அதனால்தான் கையில் இருக்கிற நேரத்தை வீணாக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மறுபக்கத் தவறும் உண்டு. கடித்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, இனி போய் என்ன பயன் என்று உட்கார்ந்துவிடுவது. அறிகுறி வராதவரை, எத்தனை நாள் ஆகியிருந்தாலும் போங்கள்.

ஒரு ஊசியோடு திரும்பி வருவது

அன்று முதலில் போன கிளினிக்கில் காயத்தைப் பார்த்துவிட்டு, சின்னதுதான் என்று டெட்டனஸ் ஊசி மட்டும் போட்டு அனுப்பினார்கள். ஆயா நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியே விட்டார். டெட்டனஸ் ஊசி தேவைதான், ஆனால் அது ரேபிஸைத் தடுக்காது. நான் திரும்பிப் போய், "தெரியாத நாய், ஓடிப்போச்சு, ரத்தம் வந்திருக்கு, ரேபிஸ் ஊசி வேணும்" என்று கேட்டேன். அங்கே எல்லா மருந்தும் இல்லை என்று வேறொரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போய்ச் சேரப் பிற்பகல் ஆனது.

இந்த நான்கு விஷயத்தை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்: என்ன விலங்கு, தெரிந்ததா தெரியாததா, தோல் கிழிந்ததா, எப்போது நடந்தது. ரேபிஸ் என்ற சொல்லைச் சொல்லத் தயங்காதீர்கள்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் இரண்டு வகை மருந்து வேண்டும். ஒன்று தடுப்பூசி. உடம்பு தானே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும்படி செய்வது, அதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். அந்த இடைவெளியைக் காப்பதற்காகத் தயாராகவே கொடுக்கும் எதிர்ப்புச் சக்திதான் இம்யூனோகுளோபுலின். அதைக் கடிவாயைச் சுற்றியும் உள்ளேயும் போடுவார்கள். வலிக்கும். பையன் என் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். முதல் நாளே இது கிடைக்காவிட்டால், தடுப்பூசி தொடங்கி ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

தடுப்பூசி முதல் நாள், பிறகு 3-ஆம், 7-ஆம், 14-ஆம் நாள் என்று நான்கு முறை. எச்.ஐ.வி. இருப்பவர்களும் வேறு காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அவர்களுக்கு 28-ஆம் நாள் இன்னொரு ஊசி உண்டு. இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது தேவைப்படும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம். முன்பே முறையாக ரேபிஸ் தடுப்பூசி போட்டவர்களுக்கு இரண்டே ஊசி போதும், அதையும் சொல்லுங்கள்.

தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று பெரியவர்கள் இன்னும் பயமுறுத்துகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது தோள்பட்டைக்குக் கீழே, கைக்குழந்தைக்குத் தொடையில். புட்டத்தில் போடக் கூடாது, போட வந்தால் தடுத்துக் கேளுங்கள். இரண்டு ஊசி முடிந்ததும் பையன் நன்றாக விளையாடுகிறானே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். விளையாடுவது ஒன்றுக்கும் அத்தாட்சி இல்லை.

வாய்க்குள் கையை விடுவது

வெறிநாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு துரத்தும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சாதுவாகச் சோர்ந்து படுத்தும் ரேபிஸ் வரும். கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும், குரல் மாறும். பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே இருக்கும். பாசத்தோடு வளர்த்தவர் வாயைத் திறந்து விரலை விட்டுத் தேடுவார். வெருலம், டோங்காட் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து. மாடு எச்சில் வடித்து, கரகரத்த குரலில் கத்திக்கொண்டே இருந்தால், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று முழங்கை வரை கையை விடுகிறார்கள். கையில் ஒரு சிராய்ப்பு இருந்தாலே போதும். தாடை தொங்கினால் தொடாதீர்கள், அடைத்து வைத்துவிட்டு அரசு கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட மாட்டின் பாலையும் கறியையும் உபயோகிக்க வேண்டாம்.

கோழி கொத்தினால் ரேபிஸ் வருமா என்று கேட்கிறார்கள். வராது. பாலூட்டிகளுக்கு மட்டுமே வருவது இது. நாய், பூனை, ஆடு, மாடு, நரி, கீரி, வவ்வால். 2024-ல் கேப் கடற்கரையில் கடல்நாய்களுக்கே வந்திருப்பது உறுதியானது. கடற்கரையில் படுத்திருக்கும் கடல்நாயோடு படம் எடுத்துக்கொள்ளப் போகாதீர்கள்.

நாயை அடித்துக் கொன்று புதைப்பது

கோபம் புரிகிறது. ஆனால் நோய் இருந்ததா என்று சொல்வது அந்த நாயின் மூளை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஆலர்ட்டன் கால்நடை ஆய்வகத்தில் பார்ப்பது அதைத்தான். தலையில் அடித்து நசுக்கினாலோ எரித்தாலோ அந்த விடை போய்விடும். அடிக்கப் போய் இன்னும் இரண்டு பேர் கடிபடுவதும் நடக்கிறது.

தெருநாயை எல்லாம் கொன்றால் ரேபிஸ் போய்விடும் என்பதும் பலன் தராத யோசனை. கொன்ற இடத்தில் வேறு தெருவிலிருந்து ஊசி போடாத நாய்கள் வந்து சேரும், ஊசி போட்ட நாய்களும் கூடவே சாகும். ஒரு வட்டாரத்தில் 100 நாய்க்கு 70-க்காவது தொடர்ந்து தடுப்பூசி இருந்தால் நாய்க்கு நாய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் நாய்க்கும் பூனைக்கும் இந்த ஊசி போடுவது சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒரு முறை என்பது குறைந்தபட்சம். நோய் நடமாடும் நம் பகுதியில் ஆண்டுக்கொரு முறை போடுவதே நல்லது.

"எங்க நாய் கேட்டைத் தாண்டாது" என்பார்கள். தீபாவளி இரவில் எத்தனை நாய் கேட்டைத் தாண்டியது என்று ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் மறுநாள் காலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சங்கிலியை அறுத்துக்கொண்டு, வேலி தாண்டி, நான்கு தெரு தள்ளி நிற்கும். தெரியாத நாயோடு சண்டை போட்டு வரும் காயத்தை ரோமம் மறைத்துவிடும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஊசியைப் போட்டுவிடுங்கள், அன்றிரவு நாயை வீட்டுக்குள் வையுங்கள்.

மைதானத்தில் நடக்கும் ஊசி நாளுக்குப் போனால் மனசு நிறையும். துணி காயப்போடும் கயிற்றில் நாயைக் கட்டி இழுத்து வரும் பையன்கள், தள்ளுவண்டியில் படுத்து வரும் கிழட்டு நாய், வெங்காயப் பையில் பூனை. ஊசிக்கு ஒரு நொடி ஆகும், அட்டை எழுதத்தான் நேரம் ஆகும். அந்த அட்டையைத் தொலைப்பதும் ஒரு தவறுதான். நாளைக்கு உங்கள் நாய் யாரையாவது கடித்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் நான்கு ஊசியையும் போட்டு முடித்தான். குட்டி என்ன ஆனது, அதற்கு நோய் இருந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆயா வீட்டுச் சமையலறையில் கோயிலில் கொடுத்த காலண்டர் தொங்குகிறது. அதில் நான்கு தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஒவ்வொரு ஊசி முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு போட்டார். நான்காவது கோடு போட்ட அன்று என்னைக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டுக் கறுப்பு நாய்க்கு எப்போது ஊசி போட்டோம் என்று தெரியவில்லையே, அட்டை எங்கே என்று கேட்டார். அலமாரி முழுக்கத் தேடினோம், கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையில் ஐந்தாவது வட்டம் போட்டுவிட்டு, பேனாவைக் காலண்டர் ஆணியிலேயே கட்டித் தொங்கவிட்டார்.