சோலினா ஸ்டிரிங்ஸ் ஒலியைக் கணினியில் கொண்டுவருவது எப்படி?

சோலினா, வயலின் கூட்டம் போல ஒலிக்கும் ஒரு பழைய மின்னணுக் கீபோர்டு. அந்த ஒலி வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் மூல அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டரிலேயே மெனக்கெடுகிறார்கள். அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. நெதர்லாந்தின் எமினென்ட் நிறுவனம் 1974-இல் கொண்டுவந்த இந்த ஸ்டிரிங் என்செம்பிளின் உயிர், ஒரே ஒலியைப் பலர் வாசிப்பது போல விரிக்கும் அதன் கோரஸ் சர்க்யூட்டில் இருக்கிறது.

மூல ஒலிக்கு ஒரே ஒரு சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலை போதும். டீட்யூன் (சுருதி விலக்கம்), டிரிஃப்ட் (சுருதி நகர்வு) இரண்டும் பூஜ்யம். ஏனென்றால் சோலினாவில் உச்ச ஆக்டேவின் 12 சுரங்களின் அதிர்வெண்ணை மீண்டும் மீண்டும் இரண்டால் வகுத்துத்தான் கீழ் ஆக்டேவ்கள் பிறக்கின்றன. ஆக்டேவுக்கு ஆக்டேவ் சுருதி துளியும் விலகாது. 49 கட்டைகளையும் ஒன்றாக அழுத்தினாலும் அத்தனையும் ஒலிக்கும் என்பதால் பாலிஃபனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை) தாராளமாக வையுங்கள். அட்டாக் (ஒலி எழும் நேரம்) கொஞ்சம் மெதுவாக, ரிலீஸ் (கட்டையை விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) ஒரு விநாடி. இப்போது வாசித்தால் சப்பென்று ஆர்கன் மாதிரி கேட்கும். சரி, அப்படியே விடுங்கள்.

அப்புறம்தான் முக்கிய வேலை. ஒலியைத் தாமதிக்கும் எஃபெக்டான டிலே மூன்று எடுத்து, ஒவ்வொன்றையும் 5 மில்லி விநாடியில் வையுங்கள். அசலில் இதைச் செய்தவை பக்கெட் பிரிகேட் சிப்கள். தீயணைக்க வாளியைக் கைமாற்றுவது போல, மின்னூட்டம் ஒரு கெப்பாசிட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும். கைமாற்றும் வேகம் மாறினால் தாமதமும் மாறும், கூடவே சுருதியும் அசையும்.

அந்த அசைவுக்கு இரண்டு எல்.எஃப்.ஓ. (தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் மெதுவான கட்டுப்பாட்டு அலை): ஒன்று சுமார் 0.6 ஹெர்ட்ஸ், மற்றது சுமார் 6 ஹெர்ட்ஸ். இரண்டும் மூன்று டிலேக்களுக்கும் 120 டிகிரி இடைவெளியில், அதாவது ஒவ்வொன்றுக்கும் அலைச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போக வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்றில் சுருதி ஏறும்போது இன்னொன்றில் இறங்குவதால்தான் வெறும் விப்ராட்டோவாகக் கேட்காமல் பலர் சேர்ந்து வாசிப்பது போல விரிகிறது. நான் மெதுவானதற்கு 2 மில்லி விநாடி ஆழம் கொடுக்கிறேன், வேகமானதற்கு 0.1. வேகமானதைக் கூட்டினால் உடனே நடுக்கம் தட்டும்.

மூன்றையும் சம அளவில் கலந்து, டிலேக்குப் போகாத நேரடி ஒலியை முழுவதும் அடைத்துவிடுங்கள். ஸ்டீரியோவில் விரிப்பதற்கு முன் மோனோவில் சரிசெய்யுங்கள். அசல் கருவி மோனோதான். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைக் குறைக்கும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டால் கூர்மை அடங்கும்.

ஒலியைச் சுழல்வது போல அலையவிடும் ஃபேஸர் எஃபெக்ட் சேர்க்க ஆசையா? பிரெஞ்சு இசைக்கலைஞர் ழான் மிஷேல் ஜார் தன் 1976 ஆல்பத்தில் அதே எமினென்ட் நிறுவனத்தின் 310 ஆர்கனை ஸ்மால் ஸ்டோன் ஃபேஸர் வழியாக விட்டார். ஃபேஸரை கோரஸுக்குப் பின்னால், மிக மெதுவான வேகத்தில் வையுங்கள்.