மேப்பிள் இலைத் தோரணம் சுருளாமல் நின்ற விதம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அக்டோபர் வந்தால் வாசலில் பூசணிக்காயும் சன்னலில் சிவந்த மேப்பிள் மர இலைத் தோரணமும் வைப்பது வழக்கம். இந்த ஆண்டு நான் கட்டிய தோரணம் இரண்டாம் நாளே ஓரம் சுருண்டு, நான்காம் நாள் பழுப்பேறிப் பொடியாக உதிர்ந்தது.

முதலில் கனமான புத்தகங்களுக்கிடையே இலைகளை அழுத்திவைத்தேன். தட்டையாகத்தான் இருந்தன, ஆனால் தொங்கவிட்டதும், ஹீட்டரின் வறண்ட காற்றில் மீண்டும் சுருண்டன. அடுத்து, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து நான்கு நாள் ஊறவைத்ததில், இலை தோல்போல் மென்மையானதே தவிர, சிவப்பு மங்கிக் கருத்துவிட்டது. முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயால் ஒரு பயனும் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது தேன்மெழுகு. அது ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதால், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு கிண்ணம் வைத்து உருக்கி, ஒருநாள் அழுத்தி ஈரம் போக்கிய இலைகளை ஒருகணம் முக்கியெடுத்தேன். ஈரமிருந்த இலைகளில் வெண்புள்ளி விழுந்தது. அப்படியும் சில இலைகள், விந்தையாக, காம்புப் பக்கத்திலிருந்து மட்டும் சுருளத் தொடங்கின. உற்றுப் பார்த்தபோதுதான், நான் விரலால் பிடித்திருந்த அந்த அரை அங்குலத்தில் மெழுகே படியவில்லை என்பது தெரிந்தது. ஆறியபின் இலையைத் திருப்பிப் பிடித்துக் காம்பையும் முக்கினேன்.

மூன்று வாரமாயிற்று, சிவப்பு அப்படியே இருக்கிறது. அப்பாடா!