ஹாம்லெட்டின் மூலக்கதை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்னெட் 1596இல், 11 வயதில் இறந்தான். பெயர்கள் ஒத்திருப்பதால், தந்தையைக் கொன்ற சிற்றப்பனைப் பழிவாங்கும் டென்மார்க் இளவரசனின் கதையான ‘ஹாம்லெட்’ நாடகம் அந்தத் துயரத்திலிருந்தே பிறந்தது என்று எழுதிவிடுவது எளிது. துயரம் நாடகத்தின் தொனியில் கலந்திருக்கலாம்; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கதையின் தோற்றுவாய் அதுவே என்பது காலக்கணக்குக்கு ஒவ்வாது. 1589இலேயே தாமஸ் நாஷ் என்ற எழுத்தாளர் ஒரு முன்னுரையில் ‘ஹாம்லெட்’ வசனங்களைக் கேலி செய்கிறார். 1594 ஜூனில் அப்பெயரில் ஒரு நாடகம் நடந்ததை நாடக அரங்க உரிமையாளர் ஹென்ஸ்லோவின் கணக்கேடு காட்டுகிறது. இவை ஷேக்ஸ்பியரின் நாடகத்துக்கு முந்தைய, இன்று கிடைக்காத ஒரு ‘ஹாம்லெட்’டைக் குறிப்பவை.

அந்தப் பழைய நாடகத்தை, அக்கால நாடகாசிரியர் தாமஸ் கிட் எழுதினார் என்று உறுதியாகச் சொல்வதும் பிழை. பிரதி கிடைக்கவில்லை, கிட்டின் பெயர் நாஷின் சொற்களிலிருந்து அறிஞர்கள் செய்த ஊகம் மட்டுமே. தந்தையின் ஆவியை ஷேக்ஸ்பியரின் கற்பனை என்று புகழ்வதற்கும் இடமில்லை. பழி வாங்கச் சொல்லி ஹாம்லெட்டை நோக்கிக் கூவும் ஆவியை 1596இலேயே எழுத்தாளர் தாமஸ் லாட்ஜ் குறிப்பிட்டுவிட்டார்.

டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ கிரமாட்டிகஸ் 1200ஆம் ஆண்டையொட்டி லத்தீனில் எழுதி, 1514இல் பாரிஸில் அச்சேறிய டென்மார்க் வரலாற்றில் ஆம்லெத்தின் கதை வருகிறது. பெயர்களை ஒப்பிட்டுவிட்டு, ‘இங்கிருந்து எடுத்தார்’ என்று முடித்துக்கொள்வதுதான் எனக்குப் பெருந்தவறாகப் படுகிறது. சாக்ஸோவில் சிற்றப்பன் ஃபெங், தன் சகோதரனான ஆம்லெத்தின் தந்தையைக் கொன்றது ஊரறிந்த செய்தி. ஆகவே அடுத்த பலியாகாமல் உயிர் தப்ப ஆம்லெத் பித்தனாக நடிப்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. நாடகத்தில் கொலை மறைவாக நடப்பதால், அதை வெளிப்படுத்த ஆவி தேவைப்படுகிறது. பித்து வேடத்தின் காரணமோ மங்கிவிடுகிறது. இன்றுவரை விவாதிக்கப்படும் புதிர் அந்த மாற்றத்தில்தான் தொடங்குகிறது.

ஆம்லெத் தன் தாயுடன் பேசுவதை ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்பவனின் கதையையும் பாருங்கள். ஆம்லெத் சேவலைப்போலக் கூவி, கைகளைச் சிறகாக அடித்துக்கொண்டு வைக்கோலின்மேல் குதிக்கிறான். காலடியில் ஆள் தட்டுப்பட்டதும் வாளைச் செருகி, உடலைத் துண்டாக்கி வேகவைத்துப் பன்றிகளுக்கு இரையாக்குகிறான். பெயரற்ற அந்த ஆள் நாடகத்தில் ஒஃபீலியாவுக்கும் லேயர்டிஸுக்கும் தந்தையான பொலோனியஸ் ஆகும்போது, தந்தைக்காகப் பழி வாங்கப் புறப்பட்ட ஹாம்லெட்டே இன்னொரு மகனின் பழிக்கு இலக்காகிறான். சாக்ஸோவின் ஆம்லெத் சிற்றப்பனைக் கொன்று அரசனாகிறான். ஹாம்லெட்டுக்கு அந்த வழி அடைபட்டுப் போவது இதனால்தான்.

இடையில், 1570இல் பெல்ஃபொரே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இக்கதையைப் பிரெஞ்சில் விரித்தெழுதி, கொலைக்கு முன்பே அரசிக்கும் ஃபெங்குக்கும் கள்ள உறவு இருந்ததாகச் சேர்த்தார். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஷேக்ஸ்பியரின் மூலநூலாகக் காட்டுவோர், அது 1608இல்தான் அச்சானது என்பதையும், நாடகம் 1603இலேயே நூலாக வந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒளிந்திருப்பவனைக் குத்தும்போது ஹாம்லெட் ‘எலி’ என்று கத்துவது பெல்ஃபொரேயின் பிரெஞ்சில் இல்லை, ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் அதை நாடகத்திலிருந்தே எடுத்திருக்க வேண்டும்.