கறுப்பாக இருந்தால் நைக்ராவா?

போன கிழமை மன்னார் சிலாவத்துறைப் பக்கம் கடல் வற்றிய நேரம் இரண்டு தம்பிமார் கல் புரட்டிக் கடல் நத்தை தேடிக்கொண்டிருந்தார்கள். ஓடில்லாத, விரல் நகமளவு சின்னதுகள். ஒருவர் கறுப்பான ஒன்றைக் காட்டி, "அண்ணை, இது டென்ட்ரோடோரிஸ் நைக்ரா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கறுப்பாய் இருக்குத்தானே."

எனக்குச் சுருக்கென்றது. கடல் நத்தையைப் பார்த்துப் பதியும்போது விடுகிற பிழைகளைக் கீழே சொல்கிறேன்.

நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது

நானும் இரண்டு வருடம் இப்படித்தான் பதிவுக் கொப்பி நிரப்பினேன். கறுப்பு என்றால் நைக்ரா, செம்மஞ்சள் என்றால் வேறு இனம். பிறகுதான் அதன் நெருங்கிய உறவான ஃபியூமாட்டா சாம்பல், செம்மஞ்சள், சிவப்பு, ஏன் கறுப்பாகவும் வரும் என்று தெரிந்தது. நைக்ராவும் லேசுப்பட்டதில்லை: முழுக் கறுப்பாக இருக்கும், வெள்ளைப் புள்ளியோடு இருக்கும், ஓரத்தில் சிவப்புக் கோட்டோடும் இருக்கும். பிரித்துக் காட்டுவது முதுகின் பின்பக்கம் விரியும் செவுள் பூ. நைக்ராவில் அது சின்ன இதழ்கள் நெருங்கிய அடக்கமான வளையம். ஃபியூமாட்டாவில் இதழ் சிலதே, ஆனால் பெரிதாக முதுகின் அகலத்துக்குப் பரந்து நிற்கும். என் படங்களில் ஒன்றிலும் பூ இல்லை, ஏனென்றால் நத்தையைக் கையில் தூக்கி எடுத்த படங்கள் அவை. தொட்டவுடன் பூவை உள்ளே இழுத்துவிடும், தண்ணீருக்கு வெளியே எல்லா நத்தையும் ஒரே களிதான். இரண்டு வருடப் பதிவு முழுவதையும் வெட்டிவிட்டேன், இன்றைக்கும் அந்தக் கொப்பியைத் திறந்தால் கோபம் வரும். சரி, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வெள்ளைக் கிண்ணத்தில் கடல் தண்ணீர் ஊற்றி நத்தையை விட்டு, அது தானாக ஊரத் தொடங்கும்வரை பொறுத்திருங்கள். தலைக்கொம்பும் பூவும் வெளியே வந்த பிறகு படம் எடுங்கள்.

அடிப்பக்கத்தை விடுவது

ஃபிலிடியா என்ற இன்னொரு கடல் நத்தை வகைக்கு முதுகில் பூவே இல்லை, செவுள் அடியில் ஓரமாக ஒளிந்திருக்கும். ஃபிலிடியா வரிக்கோசா என்றால் பாதத்தின் நடுவே நீளமாக ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அதனால் கண்ணாடிப் போத்தலில் ஊரவிட்டுக் கீழிருந்தும் ஒரு படம் எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே போத்தலில் போடுவது

வேண்டாம். ஃபிலிடியா விடும் நஞ்சில் கூட இருக்கும் மீன்கூடச் செத்துப்போகும்.

தட்டைப்புழுவை நத்தை என்பது

கடதாசிபோல் மெல்லியதாக, செவுளே இல்லாமல் இருந்தால் அது புழு.

கடல் நத்தையைக் கடலட்டை என்று எழுதுவது

எங்கள் பக்கம் கடலட்டை என்றால் குளித்துப் பிடித்து, அவித்துக் காயவைத்து விற்கிற சாமான். அது வேறு உயிர்.

கல்லைப் புரட்டியபடி விட்டுப்போவது

பழையபடி கவிழ்த்து வையுங்கள் தம்பி. அடியில் ஒட்டியிருக்கும் முட்டை நாடா வெயிலில் காய்ந்துவிடும்.