வீட்டு இன்குபேட்டர்ல முட்டை வைக்கிறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

என்னோட முதல் பேட்ச்ல 24 சிறுவிடை (நாட்டுக்கோழில ஒரு வகை) முட்டை வச்சேன், பொரிஞ்சது 5 தான். 23-வது நாள் மீதிய ஒண்ணு ஒண்ணா உடைச்சுப் பாத்தேன். 4 கூமுட்டை, 6 முதல் வாரத்துலயே செத்தது, மீதி 9-லயும் குஞ்சு முழுசா இருந்துச்சு. இறகு, நகம், அலகு எல்லாம் வந்து, ஓட்டை உடைக்கறதுக்குன்னு அலகு நுனில வர்ற அந்த சின்ன வெள்ளப் பல்லு கூட இருந்துச்சு, உள்சவ்வு மட்டும் காஞ்சுபோய் பேப்பர் மாதிரி முதுகோட ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு. அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. 18 நாள் ஒழுங்கா வளந்த குஞ்ச கடைசி 3 நாள்ல நானே மூடிய தொறந்து தொறந்து பாத்து சாகடிச்சிருக்கேன்னு புரிய இன்னும் ரெண்டு பேட்ச் ஆச்சு. அதனாலதான் இத இவ்ளோ விளக்கமா எழுதறேன், உங்க முட்டையாவது தப்பிக்கட்டும்.

முதல் தப்பு மிஷின் ஆன் பண்றதுக்கு முன்னாடியே நடந்துடும், முட்டைல. கடைல விக்கிற வெள்ள முட்டை, முட்டைக்காகவே கோழி வளக்கற லேயர் பண்ணைல இருந்து வருது, அங்க சேவலே கெடையாது, அதனால கருவும் இருக்காது, எத்தன நாள் சூடு குடுத்தாலும் பொரியாது. "நாட்டுக்கோழி முட்டை"ன்னு கடைல வாங்கினாலும் சேவலோட இருந்த கோழியான்னு தெரியாது. 8, 10 கோழிக்கு ஒரு நல்ல சேவல் திரியற வீட்டுல இல்ல பண்ணைல நேர்ல போய் வாங்குங்க. ரொம்ப பெருசு, ரொம்ப சிறுசு, நீளமா கோணலா இருக்கறது, லேசா கீறல் விட்டது எதையும் வைக்காதீங்க. அழுக்கா இருக்கேன்னு தண்ணில கழுவவே கூடாது. ஓட்டுல ஆயிரக்கணக்குல நுண்ணிய துளை இருக்கு, கோழி போடும்போதே அது மேல ஒரு மெல்லிய பூச்சு வந்துடும், கழுவினா அந்த பூச்சு போய் கிருமி நேரா உள்ள எறங்கிடும். கொஞ்சம் ஒட்டியிருக்கற எச்சத்த காஞ்ச துணியால மெதுவா தொடச்சா போதும், ரொம்ப அழுக்குன்னா அத ஆம்லெட் போட்டுடுங்க.

முட்டை சேக்கற நாள் கணக்கும் முக்கியம். 7 நாளுக்குள்ள வச்சுடணும், அதுக்கு மேல போனா நாளாக ஆக பொரிக்கறது கொறஞ்சுகிட்டே வரும். வைக்கிற எடம் 15-ல இருந்து 18 டிகிரி இருந்தா நல்லது, ஃப்ரிட்ஜ் உள்ள 4 டிகிரி, அது ரொம்ப குளிர். நம்ம ஊரு சித்திரை வெயில்ல ரூமே 35 டிகிரி இருக்கும், அதுல வெளிய வச்ச முட்டைல கரு அரகொறையா வளர ஆரம்பிச்சு அப்படியே செத்துடும். எங்க பாட்டி மண்பானைல ஈர மணல் போட்டு, அது மேல துணி விரிச்சு, முட்டையோட கூர்முனை கீழ இருக்கற மாதிரி நிழல்ல வைப்பாங்க. கரண்ட் இல்லாம முட்டைய குளுமையா வைக்க அத விட நல்ல வழி நான் இன்னும் பாக்கல. பஸ்லயோ பைக்லயோ முட்டை வந்துச்சுன்னா, ஒரு ராத்திரி முழுக்க அசைக்காம வச்சிருந்துட்டு அப்புறம் மிஷின்ல வைங்க.

அடுத்தது டெம்பரேச்சர். இதுலதான் பாதிப் பேர் ஏமாறறாங்க. டிஸ்ப்ளேல 37.7 காட்டுது, அப்புறம் என்னன்னு நெனைப்போம். அந்த நம்பர் சென்சார் இருக்கற எடத்தோட நம்பர், முட்டை இருக்கற எடத்தோடது இல்ல. தெர்மோகோல் பெட்டில பல்ப் போட்டு நாமளே செஞ்ச மிஷின்ல சென்சார் ஒரு மூலைல தொங்கும், முட்டை கிட்ட 39 போயிட்டு இருக்கும், நமக்கு தெரியவே தெரியாது. என் முதல் பேட்ச்ல செத்த அந்த 6 கருவும் இப்படித்தான் போச்சுன்னு நெனைக்கறேன். சென்சார முட்டை மட்டத்துல கொண்டு வாங்க, பல்பு வெளிச்சம் நேரா படாம பாத்துக்கோங்க. சென்சார் சரியா காட்டுதான்னு பாக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அதோட முனையயும் காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரயும் ஒண்ணா வச்சுப் பாருங்க, வித்தியாசம் எவ்ளோன்னு தெரிஞ்சுடும், அத மனசுல வச்சு செட் பண்ணுங்க. ஃபேன் இருக்கற மிஷின்னா 37.5-ல இருந்து 37.8, பாரன்ஹீட்ல 99.5-ல இருந்து 100. ஃபேன் இல்லாத பெட்டின்னா சூடு மேல ஏறி நிக்கும், அதனால முட்டையோட மேல்மட்டத்துல 38.5 கிட்ட இருக்கணும். சூடு கொஞ்சம் கொறஞ்சா குஞ்சு ஒரு நாள் ரெண்டு நாள் லேட்டா வரும், ஆனா 40-க்கு மேல சில மணி நேரம் நின்னாலே கரு சாக ஆரம்பிச்சுடும். முட்டை வைக்கறதுக்கு முன்னாடி மிஷின ஒரு முழு நாள் சும்மா ஓட விடுங்க. வாங்கின அன்னைக்கே ஆசைல முட்டைய அடுக்கறதுதான் எல்லாரும் பண்றது.

ஈரப்பதம் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. முதல் 18 நாள் 45-ல இருந்து 55 சதவீதம், கடைசி 3 நாள் 65-ல இருந்து 70, இதான் அளவு. இதுக்கு எவ்ளோ தண்ணி வைக்கணும்ங்கறது உங்க ஊரப் பொறுத்தது. நாகப்பட்டினம் பக்கம் மழைக்காலத்துல வெளிக்காத்துலயே ஈரம் நெறைய இருக்கும், அதுல தண்ணியே வைக்காம 45 கிட்ட நிக்கும். அதே கரூர், காங்கயம் பக்கம் ஏப்ரல்ல தண்ணி வைக்கலைன்னா 45-க்கு கீழ போயிடும். அதனால "ரெண்டு கிண்ணம் தண்ணி வைங்க"ன்னு யாராவது சொன்னா அப்படியே செய்யாதீங்க, ஈரம் காட்டற ஹைக்ரோமீட்டரப் பாருங்க. கிண்ணத்தோட ஆழம் முக்கியமில்ல, வாய் எவ்ளோ அகலமோ அவ்ளோ ஈரம். அந்த குட்டி ஹைக்ரோமீட்டரும் பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடில உப்ப லேசா நனைச்சு சேறு மாதிரி வச்சு, மீட்டரோட சேத்து ஜிப் கவர்ல போட்டு இறுக மூடி 8 மணி நேரம் கழிச்சு பாருங்க, 75 காட்டணும். 68 காட்டினா உங்க மீட்டர் 7 கொறைச்சு காட்டுதுன்னு அர்த்தம். ஈரம் அதிகமா இருந்தாலும் ஆபத்துதான், முட்டைல இருந்து தண்ணி போதுமான அளவு வெளியேறாம காத்தறை (முட்டையோட அகல முனைல காத்து இருக்கற எடம்) சின்னதாவே நின்னுடும், குஞ்சுக்கு முதல் மூச்சு எடுக்க எடமே இருக்காது. 18 நாள்ல முட்டையோட எடைல 12 சதவீதம் கொறையணும், அதாவது 50 கிராம் முட்டை 44 கிராமுக்கு வரணும். கிச்சன் தராசு இருந்தா நாலு முட்டைய மட்டும் வாரம் ஒரு தடவ எடை போட்டுப் பாருங்க, மீட்டர விட அது உண்மைய சொல்லும்.

திருப்பறது. அடைக்கோழி ராத்திரியும் பகலும் அலகால முட்டைய உருட்டிக்கிட்டே இருக்கும், நாம அத செய்யலைன்னா கரு ஓட்டோட ஒட்டிக்கும். கையால திருப்பறவங்க பென்சில்ல ஒரு பக்கம் பெருக்கல் குறி, இன்னொரு பக்கம் வட்டம் போட்டுக்கோங்க, ஸ்கெட்ச் பேனா வேண்டாம். ஒரு நாளைக்கு 3 இல்ல 5 தடவ, ஒத்தப்படையா இருந்தா ஒவ்வொரு ராத்திரியும் அதே பக்கமா கெடக்காது. ஆட்டோமேட்டிக் ட்ரே வச்சிருக்கறவங்களும் மோட்டார் நிஜமாவே திரும்புதான்னு தெனம் ஒரு தடவ பாருங்க, கியர் ஸ்லிப் ஆகி சத்தம் மட்டும் வர்றத நான் பாத்திருக்கேன்.

டார்ச் அடிச்சு பாக்கறது 7-வது நாள் ஒண்ணு, 18-வது நாள் ஒண்ணு, இதுக்கு மேல வேண்டாம். 7-ல மொபைல் டார்ச்சு மேல வச்சா நடுவுல ஒரு கரும்புள்ளியும் அதச் சுத்தி சிலந்தி கால் மாதிரி ரத்தக்குழாயும் தெரியும், கொஞ்சம் பொறுத்துப் பாத்தா அந்த புள்ளி அசையும், அத முதல் தடவ பாக்கறப்போ வர்ற சந்தோஷம் சொல்லி மாளாது. குழாயே இல்லாம செவப்பா ஒரு வளையம் மட்டும் இருந்தா கரு செத்துடுச்சு. அதயும், கரு இல்லாம தெளிவா இருக்கறதயும் எடுத்துடுங்க. பாவம் பாத்து விட்டா அழுகி உள்ளேயே வெடிச்சு பக்கத்து முட்டையயும் கெடுத்துடும், அந்த நாத்தம் வீட்ட விட்டு போக நாளாகும்.

கரண்ட் போனா பதறாதீங்க. ஒரு மணி, ரெண்டு மணி நேரம் குளிர்ந்தா கரு தாங்கும், கோழியே எரை எடுக்க எழுந்து போறதில்லையா. மூடிய தொறக்காம மேல ஒரு போர்வைய போட்டு விடுங்க, காத்து ஓட்டைய மட்டும் அடைக்காதீங்க. ரொம்ப நேரம் ஆகும்னா சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி ஓரமா வைங்க, முட்டை மேல படக்கூடாது. எங்க பக்கம் இடி இடிச்சா முட்டை கெட்டுடும்னு அடை வச்ச கூடைல இரும்புத்துண்டும் கரியும் வரமிளகாயும் போடுவாங்க. மிஷின் வச்சிருக்கறவங்களுக்கு இடியால வர்ற பிரச்சன கரண்ட் கட்டுதான், அதுக்கு இன்வெர்ட்டர் லைன்ல ஒரு பாயிண்ட் போட்டுடுங்க.

இப்ப கடைசி 3 நாள். முட்டை வச்ச நாள கணக்குல சேக்காதீங்க, சனிக்கிழமை சாயங்காலம் வச்சா மூணு வாரம் கழிச்சு சனிக்கிழமைதான் குஞ்சு பொரியற 21-வது நாள். 18-வது நாள் திருப்பறத நிறுத்துங்க, ஈரத்த ஏத்துங்க, காத்து ஓட்டைய நல்லா தொறந்து விடுங்க, அடில ரப்பர் மேட்டோ சொரசொரப்பான துணியோ போடுங்க. அப்புறம் மூடிய தொடவே கூடாது. முதல் குஞ்சு ஓட்ட குத்தினதும் கை துறுதுறுன்னு வரும், பக்கத்து வீட்டுப் புள்ளைங்க வந்து நிக்கும், ஒரே ஒரு தடவன்னு தொறப்போம், அந்த ஒரு நிமிஷத்துல உள்ள இருக்கற ஈரம் எல்லாம் போயிடும், குத்தி ஓட்ட போட்ட மத்த முட்டைல சவ்வு காஞ்சு குஞ்ச இறுக்கிடும். என்னோட 9-ம் அப்படிப் போனதுதான். ஒரு ஓட்ட போட்டுட்டு 12 மணி நேரம், சில நேரம் 24 மணி நேரம் வரைக்கும் குஞ்சு சும்மாவே இருக்கும். அது சோர்ந்து போகல, உள்ள இருக்கற மஞ்சக்கருவயும் ரத்தக்குழாய்ல இருக்கற ரத்தத்தயும் ஒடம்புக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல நாம ஓட்ட உரிச்சா ரத்தம் கொட்டும், தொப்புள் மூடாம செத்துடும்.

வெளிய வந்த குஞ்சையும் உடனே எடுக்காதீங்க. உள்ள இழுத்த மஞ்சக்கருவுல ரெண்டு நாள் தீனி இல்லாம தாங்கும், ஒடம்பு காஞ்சு பஞ்சு மாதிரி ஆனதும் எல்லாத்தயும் மொத்தமா எடுத்து புரூடருக்கு (குஞ்சுக்கு சூடு குடுத்து வளக்கற பெட்டி) மாத்துங்க. முதல் வாரம் அங்க 33-ல இருந்து 35 டிகிரி வேணும். வெறும் நியூஸ்பேப்பர் விரிச்சா வழுக்கி கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சுடும், நெல் உமி போட்டு மேல கோணிச்சாக்கு விரிங்க. 7-வது நாள் வெள்ளக்கழிச்சல் நோய்க்கு கண்ணுல ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து விடுங்க, அத கால்நடை மருந்தகத்துல கேட்டு ஐஸ் வச்சு கொண்டு வாங்க. மிஷின சோப்பு தண்ணில தொடச்சு, ஒட்டியிருக்கற ஓட்டுத்துண்டு, இறகு எல்லாம் பழைய டூத் பிரஷ்ல தேய்ச்செடுத்து, ரெண்டு நாள் வெயில் காய வச்சுட்டு அடுத்த பேட்ச் வைங்க.